முன்பணம் கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்
நிலம் வாங்கும், விற்கும் தருமபுரி விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் கை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர், வாங்குபவர், தரகர், பத்திர எழுத்தர், இரண்டு சாட்சிகள், சார் பதிவாளர் என்று ஏழு பேராவது அதில் சம்பந்தப்படுகிறார்கள். ஆனால், ‘இந்த நிலத்தை விற்க இவருக்கு முழு உரிமை இருக்கிறதா?’ என்று அடிமுதல் ஆராய்ந்து எழுதிக் கொடுக்கும் வேலை இந்த ஏழு பேரில் யாருடையதும் அல்ல.

தரகருக்குக் கிரயம் முடிந்தால் கமிஷன். பத்திர எழுத்தர், சொன்ன விவரத்தைச் சட்டப்படியான வாசகத்தில் எழுதித் தருபவர். சாட்சிகள் கையெழுத்துக்குத்தான் சாட்சி, உரிமைக்கு அல்ல. சார் பதிவாளர் ஆவணத்தைப் பதிவு செய்பவர். ஆகவே, நிலம் யாருடையது என்று பார்க்கும் பொறுப்பு கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. அவருக்காக அதைப் பார்த்துச் சொல்பவர்தான் சிவில் வழக்கறிஞர்.

நம் ஊர்ப் பக்கம் வழக்கறிஞரைத் தேடிப் போவது பெரும்பாலும் நிலம் வாங்கிச் சிக்கல் வந்த பிறகுதான். மாட்டுக்கு நோய் முற்றிய பிறகு மருத்துவரைக் கூப்பிடுவது போலத்தான் இது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆவணங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டால், பல வழக்குகள் பிறக்கவே பிறக்காது.

பத்திரம் பதிவானால் போதாதா?

‘அரசாங்க ஆபீஸிலேயே பதிஞ்சு கொடுத்துட்டாங்க, அப்புறம் என்ன?’ என்ற நம்பிக்கை கிராமங்களில் பரவலாக இருக்கிறது. நம் நாட்டில் நடப்பது ஆவணப் பதிவு. உரிமைப் பதிவு அல்ல. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி சார் பதிவாளர் பார்ப்பது, ஆவணம் முறைப்படி இருக்கிறதா, கட்டணம் சரியா, கையெழுத்துப் போட்டவர் அவர்தானா என்பவற்றைத்தான்.

இதைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்பவர் தன் உரிமையைக் காட்டும் முந்தைய மூல ஆவணத்தைக் கொடுத்தால்தான் பதிவு செய்ய வேண்டும் என்ற தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ(1)-ஐ, கே.கோபி எதிர் சார் பதிவாளர் வழக்கில் 2025 ஏப்ரல் 7 அன்று அந்த நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. எழுதிக் கொடுப்பவருக்கு நிலத்தில் உரிமை உண்டா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பதிவு விதிகளும் நடைமுறைகளும் அவ்வப்போது மாறக்கூடியவை. அதனால் பதிவுக்கு முன் நடப்பு நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடைமுறை எதுவானாலும், அசல் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது.

‘பட்டா அவர் பேரில்தானே இருக்கு’ என்பது அடுத்த நம்பிக்கை. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அனுபவத்துக்கும் வரிக்கும் அது நல்ல ஆதாரம். ஆனால், பட்டா மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பத்திரம், பட்டா, அனுபவம் மூன்றும் ஒரே ஆளிடம் ஒத்துப்போனால்தான் நிலம் சுத்தமானது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-இல் டாரன்ஸ் முறை வந்தது. அங்கே பதிவேட்டில் உள்ள பெயருக்கு அரசே உத்தரவாதம் தருகிறது. அமெரிக்காவில் தெற்குக் கரோலினா, ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் வழக்கறிஞர் இல்லாமல் வீடு, நிலக் கிரயத்தை முடிக்க முடியாது. நம் ஊரில் இந்த இரண்டும் இல்லை. நாமாகத்தான் வழக்கறிஞரைத் தேடிப் போக வேண்டும்.

வழக்கறிஞர் என்ன பார்க்கிறார்?

முதலில் பார்ப்பது மூலப் பத்திரங்களின் தொடர்ச்சியை. இப்போது விற்பவருக்கு நிலம் எப்படி வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்று குறைந்தது 30 ஆண்டுகள் பின்னோக்கிப் போவது வழக்கம். பூர்வீக நிலம் என்றால் தாத்தா காலம் வரை போக வேண்டும். இடையில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அதற்குக் காரணம் கேட்க வேண்டும்.

தருமபுரி 1965 அக்டோபர் 2-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய பத்திரங்களில் ‘சேலம் ஜில்லா, தருமபுரி தாலுகா’ என்றே இருக்கும். பழைய பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் இப்போதைய பட்டாவில் உள்ள எண்ணும் வேறாக இருக்கலாம். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பட்டாக்கள் புதுப்பித்து எழுதப்பட்டன. அப்போது சில இடங்களில் பெயர் மாறியது, சில இடங்களில் பரப்பு கூடியது அல்லது குறைந்தது. பக்கத்துக்காரர் நிலத்தில் 10 சென்ட் நம் பட்டாவில் ஏறியிருப்பதும், நம்முடையது அவர் பட்டாவில் போயிருப்பதும் இன்றும் தகராறாக இருக்கிறது. யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டையும் இன்றைய ‘அ’ பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். அனுபவமுள்ள வழக்கறிஞர் கேட்கும் முதல் தாள்களில் இது ஒன்று.

பரப்பளவிலும் கவனம் வேண்டும். பழைய பத்திரம் ஏக்கர், சென்ட் கணக்கில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசும். 1 ஏக்கர் என்பது ஏறக்குறைய 0.40.5 ஹெக்டேர். 2 ஏக்கர் என்று சொல்லி விற்கும் நிலத்தின் பட்டாவில் 0.81.0 இருக்க வேண்டும். 0.74.0 இருந்தால் ஏறக்குறைய 17 சென்ட் எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

வில்லங்கச் சான்று சொல்லாதவை

வில்லங்கச் சான்றை (இ.சி.) பதிவுத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அதில் எதுவும் இல்லை என்றால் நிலத்தில் வில்லங்கமே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவை மட்டுமே அதில் வரும். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குத் தனியே மனுக் கொடுத்துத் தேட வேண்டும்.

பதிவு செய்யாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், வாரிசுகளின் பங்கு, குத்தகைதாரர் உரிமை, கூட்டுறவுச் சங்கத்தில் நிற்கும் பயிர்க்கடன், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு ஆகியவை வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். வழக்கு நடக்கும்போது நிலத்தை வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, வழக்கின் முடிவு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். ‘எனக்கு வழக்கு இருப்பது தெரியாது’ என்று சொல்லித் தப்ப முடியாது. நீதிமன்றங்களின் ‘இ-கோர்ட்ஸ்’ இணையதளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கு விவரம் கிடைக்கும். வழக்கறிஞர் அதையும் பார்ப்பார். தேவைப்பட்டால் நாளிதழில் பொது அறிவிப்பும் கொடுக்கச் சொல்வார்.

அக்கா தங்கை கையெழுத்து எங்கே?

நம் பகுதி நில வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது, வீட்டுப் பெண்களின் பங்கை விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் விற்பது. ‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு’ என்பது பேச்சு வழக்கு. சட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

இந்துக் குடும்பத்தில் அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய நிலத்துக்கு அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் இறந்தவரின் தாயார் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீக நிலத்தில் தமிழ்நாடு முன்னதாகவே சட்டம் கொண்டுவந்து, 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கும் மகனைப் போலப் பங்கு கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களுக்கும் அதே உரிமையைத் தந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பதிவான பாகப்பிரிவினையை இது பாதிக்காது.

ஆகவே, அப்பா பெயரில் இருந்த நிலத்தை இரண்டு அண்ணன் தம்பி விற்க வந்தால், வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்து, அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறதா என்று பார்க்க வேண்டும். அக்காவுக்குப் பங்கு வேண்டாம் என்றால் அவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கட்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மென்ட், பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்குக் கட்டணம் கிரயத்தைவிடக் குறைவு.

பங்குதாரர்களில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால் இன்னும் கவனம் தேவை. மைனருடைய தனிச் சொத்தை, 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்றோரும் விற்க முடியாது. விற்றால், பிள்ளை மேஜரான பிறகு அந்தக் கிரயத்தை ஒப்புக்கொள்ளாமல் போகலாம்.

விற்கக் கூடாத நிலங்கள்

சில நிலங்களைக் கையில் வைத்திருப்பவர் நல்லவராகவே இருந்தாலும் விற்க முடியாது. பஞ்சமி நிலம் அவற்றில் முக்கியமானது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம் இது. பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மீறி மற்றவர் வாங்கியிருந்தால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பேச்சு வழக்கில் இதை ‘டி.சி. நிலம்’ என்பார்கள். இன்றைய பட்டாவில் சாதாரண ரயத்துவாரி நிலமாக இருந்தாலும், பழைய ‘அ’ பதிவேட்டில் டி.சி. என்ற குறிப்பு இருக்கக்கூடும்.

கோயில் நிலத்தை, 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் விற்றால் கிரயம் செல்லாது. பூதான நிலம், வக்ஃபு நிலம், நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்துக் கொடுத்த நிலம், நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. இவற்றில் சிலவற்றைப் பதிய மறுக்கச் சார் பதிவாளருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால், அவருடைய பட்டியலில் அந்த சர்வே எண் ஏறியிருந்தால்தான் அது நடக்கும்.

திட்டங்களுக்காகக் குறிக்கப்பட்ட நிலத்தையும் விசாரிக்க வேண்டும். சென்னை - சேலம் எட்டு வழிச் சாலைத் திட்டம் 2018-இல் வந்தபோது தருமபுரி உட்பட 5 மாவட்டங்களில் சர்வே எண்கள் அறிவிக்கையில் வந்தன. நிலம் முழுமையாகக் கையகமாவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயர் மாற்றப்பட்டது. 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் கையகப்படுத்தும் அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் முதல்கட்ட அறிவிக்கை செல்லும் என்று சொன்னது. பதிவேட்டில் பெயர் மாற்றியது மட்டும் தவறு என்ற கருத்தை உறுதி செய்தது. இப்படிப்பட்ட பகுதியில் நிலம் வாங்குபவர், பட்டாவில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்பதோடு, அறிவிக்கையில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டம் வழியாகப் போகும் எரிவாயுக் குழாய்ப் பாதையும் அப்படித்தான். 1962-ஆம் ஆண்டு பெட்ரோலியம் குழாய்ப் பாதைச் சட்டத்தில் நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் நிறுவனத்துக்குப் போய்விடும். அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மாந்தோப்பு போடும் எண்ணத்தில் வாங்குபவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிணறு, வழி, மின் இணைப்பு

வீடு வாங்குபவருக்கும் காடு வாங்குபவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தண்ணீரும் தடமும். பாலக்கோட்டில் தக்காளி போட்டாலும் அரூரில் மரவள்ளி, மஞ்சள் போட்டாலும் கிணற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் நிலத்துக்கு மதிப்பு இல்லை. நம் பக்கம் ஒரே கிணற்றில் அண்ணன் தம்பி நான்கைந்து பேருக்குப் பங்கு இருக்கும். முறை வைத்து இறைப்பார்கள். பத்திரத்தில் ‘கிணறு உட்பட’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாது. கிணறு எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, அதில் எத்தனையில் ஒரு பங்கு, மோட்டார் வைத்து இறைக்கும் உரிமை, முறை நாள், அடுத்தவர் நிலத்தின் வழியாகக் குழாய் கொண்டுபோகும் உரிமை என்று எல்லாவற்றையும் விவரமாக எழுத வேண்டும்.

இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அதில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டா என்று பார்த்து, பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் கடிதமும் அப்போதே வாங்கிவிட வேண்டும். கிரயம் முடிந்து பணம் கைமாறிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

வழித்தடத்தைப் புல வரைபடத்தில் (எப்.எம்.பி.) பாருங்கள். வரைபடத்தில் வழி இல்லை, ஆனால் மாட்டு வண்டி போய் வருகிறது என்றால், அது யாரோ ஒருவரின் தயவில் போகும் வழி. இன்று விடுவார், நாளை வேலி போடுவார். அகலம் எத்தனை அடி, டிராக்டர் போகுமா, யார் நிலத்தில் போகிறது என்று பத்திரத்தில் எழுதி, அந்த நிலக்காரரிடம் எழுத்து வாங்க வேண்டும். எல்லையை அளப்பது வழக்கறிஞரின் வேலை அல்ல. அதற்கு நில அளவரை வைத்துக் கல் பார்த்து, நான்கெல்லையைப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும்.

‘பவர்’ வாங்கியவரிடம் நிலம் வாங்கலாமா?

பொது அதிகார ஆவணம் (பவர்) வைத்திருப்பவர் நிலத்தின் சொந்தக்காரர் அல்ல. சொந்தக்காரருக்காகக் கையெழுத்துப் போடுபவர் மட்டுமே. பவர், ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்து, கிரயப் பத்திரம் இல்லாமலே நிலத்தை விற்கும் பழக்கம் இருந்தது. 2011 அக்டோபர் 11-இல் சூரஜ் லேம்ப் வழக்கில், அப்படிக் கொடுப்பதால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. பதிவு செய்த கிரயப் பத்திரம் ஒன்றே வழி.

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் அன்றோடு முடிகிறது. அதனால் அவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் நேரில் போய் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

கிரய ஒப்பந்தத்தையும் பவரையும் 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் பதிவு செய்ய வேண்டும். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெருந்தொகை கொடுப்பது இனியும் வேண்டாம். முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, கடன் இருந்தால் யார் அடைப்பது, அளந்து பரப்பு குறைந்தால் விலை எப்படிக் குறையும், உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைப்பது வழக்கறிஞரின் வேலை.

விற்பவருக்கும் வழக்கறிஞர் வேண்டும்

வாங்குபவர்தான் ஏமாறுவார், விற்பவருக்கு என்ன பயம் என்று நினைப்பதும் தவறு. குஜராத் மாநிலம் சூரத் அருகே ஒரு விவசாயக் குடும்பத்துக்கு நடந்ததைப் பார்க்கலாம். 2009 ஜூலையில் அவர்கள் 1 கோடியே 74 லட்சத்து 2 ஆயிரம் ரூபாய்க்கு நிலத்தைக் கிரயம் எழுதிப் பதிந்து கொடுத்தார்கள். பணம் 36 காசோலைகளாகக் கொடுக்கப்பட்டதாகப் பத்திரத்தில் இருந்தது. தங்களுக்கு 40 ஆயிரம் ரூபாய் மட்டுமே வந்தது, மற்ற காசோலைகள் போலி என்று சொல்லி, 2014 டிசம்பரில் கிரயத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட்டார்கள்.

2020 ஜூலை 9-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், விலை முழுதும் வரவில்லை என்பதற்காகப் பதிவான கிரயத்தை ரத்து செய்ய முடியாது. பாக்கியைக் கேட்டு வேண்டுமானால் வழக்குப் போட்டிருக்கலாம். அதோடு மூன்று ஆண்டுக் காலவரம்பும் தாண்டிவிட்டது என்று மனு தள்ளுபடி ஆனது. நிலமும் போனது, பணத்துக்கான வழியும் அடைபட்டது.

இதிலிருந்து விற்பவர் கற்க வேண்டியது ஒன்றுதான். பணம் முழுதும் கணக்கில் ஏறிய பிறகே சார் பதிவாளர் முன் கையெழுத்து. பின்தேதிக் காசோலையை நம்பி ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. வங்கி வரைவோலையோ, நேரடி வங்கிப் பரிமாற்றமோ கேளுங்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அவசரத்துக்குக் கடன் வாங்கும்போது, ‘சும்மா ஒரு பாதுகாப்புக்கு’ என்று சொல்லிக் கிரய ஒப்பந்தமோ, பவரோ, சில இடங்களில் கிரயப் பத்திரமோ எழுதி வாங்கிக்கொள்வார்கள். கடனை அடைத்தால் திருப்பித் தருவதாக வாய்ச்சொல் மட்டும் இருக்கும். சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவின்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்தில் இருந்தால்தான் அதை அடமானம் என்று வாதாட முடியும். தனித் தாளில் எழுதியது போதாது. 2018-இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் தீர்வுச் சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்டு வரும் வழக்குகளில் தப்பிப்பதும் கடினமாகிவிட்டது. கடன் என்றால் அடமானப் பத்திரமாக எழுதுங்கள். அதற்குக் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நகரை ஒட்டிய நிலத்தை விற்பவர் வரியையும் விசாரிக்க வேண்டும். ஊரகப் பகுதி விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நகராட்சி எல்லைக்குள்ளோ, அதன் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ நிலம் இருந்தால் வரி வரலாம்.

காடு மனையாகும்போது

பெங்களூரு - சேலம் நெடுஞ்சாலையை ஒட்டியும், ஓசூர் - தருமபுரி சாலையை ஒட்டியும் விவசாய நிலங்கள் மனைகளாகின்றன. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்கே பொருந்தும். மனை வாங்குபவர் நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அங்கீகார எண்ணையும், திட்டம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா பதிவு எண்ணையும் கேட்க வேண்டும். நிலத்தை மனைத் தரகரிடம் ஒப்படைக்கும் விவசாயி, முழுப் பவர் எழுதிக் கொடுக்கும் முன் அதன் ஒவ்வொரு வரியையும் தன் வழக்கறிஞரிடம் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும்.

செலவு எவ்வளவு? யாரிடம் போவது?

கிரயத்துக்கு அரசுக்குக் கட்டுவது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. 10 லட்ச ரூபாய் நிலத்துக்கு 90 ஆயிரம் ரூபாய் கட்டும் நாம், ஆவணங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தைப் பெரிதாக நினைக்க வேண்டியதில்லை. என்ன பார்ப்பார், எவ்வளவு வாங்குவார் என்று முதலிலேயே பேசிக்கொண்டு, சட்டக் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கட்டணத்தைக் குறைக்க, கொடுத்த விலையைவிடக் குறைத்துப் பத்திரத்தில் காட்டும் பழக்கமும் ஆபத்துதான். நாளை உரிமையில் குறை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால், பத்திரத்தில் உள்ள தொகைக்குத்தான் ஆதாரம் இருக்கும்.

தரகர் கூட்டி வரும் வழக்கறிஞரோ, எதிர்த் தரப்புக்குப் பார்க்கும் அதே வழக்கறிஞரோ வேண்டாம். வாங்குபவருக்கு ஒருவர், விற்பவருக்கு ஒருவர் என்று தனித்தனியே இருக்கட்டும். சிவில் வழக்கு நடத்துபவரா, நிலப் பத்திரங்களில் பழக்கம் உள்ளவரா என்று விசாரித்துப் போங்கள்.

பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. தருமபுரி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராம மக்களிடம் இந்தத் தகவலை வேளாண்மை, தோட்டக்கலைத் துறைக் களப்பணியாளர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தால் பெரிய உதவியாக இருக்கும். ஏற்கனவே தகராறில் உள்ளவர்கள் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். அங்கே முடிந்தால் மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

பதிவுக்குப் பிறகு

பத்திரம் கையில் வந்ததும் வேலை முடியவில்லை. பட்டா மாறுதல் செய்ய வேண்டும். முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் எளிது. ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் நில அளவர் வந்து உட்பிரிவு செய்ய வேண்டும். சொட்டுநீர்ப் பாசன மானியம், பயிர்க் காப்பீடு, பயிர்க்கடன் எல்லாவற்றுக்கும் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். பெயர் மாறாவிட்டால் நிலம் நம்முடையதாக இருந்தும் மானியம் வராது. முன்னவர் பெயரிலேயே பட்டா கிடந்தால், அவருடைய வாரிசுகள் மறுபடி விற்கவும் வழி உண்டாகும்.

முன்பணம் கொடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

* அசல் மூலப் பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று
* பட்டா, சிட்டா, அடங்கல், பழைய மற்றும் புதிய ‘அ’ பதிவேட்டு நகல், புல வரைபடம்
* நிலத்தின் உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளின் ஒப்புதல்
* வங்கி, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பாக்கி இல்லை என்ற சான்று
* நீதிமன்ற வழக்கு, நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கை, குழாய்ப் பாதை பற்றிய விசாரணை
* கிணற்றுப் பங்கு, வழித்தடம், மின் இணைப்பு பற்றிய எழுத்து விவரம்
* நில அளவர் அளந்து காட்டிய எல்லை
* இவை அனைத்தையும் பார்த்து வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த சட்டக் கருத்து

இந்தத் தாள்களைச் சேர்க்க ஒரு மாதம் ஆகலாம். ‘இன்றைக்கே முன்பணம் கொடுக்காவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவார்’ என்று தரகர் அவசரப்படுத்துவார். ஆவணம் பார்க்க ஒரு மாதம் தராத நிலத்தை விட்டுவிடலாம். வேறு நிலம் கிடைக்கும். சிவில் வழக்கில் மாட்டிய நிலத்தில் நிம்மதியாக ஒரு போகம் எடுப்பது கடினம்.